முதுகெலும்பில் ஸ்க்ரூவும் கம்பியும்: வார்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்பு அறுவை சிகிச்சை வார்டில் பதினெட்டு ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் செய்கிறவர் டாக்டர். மறுநாள் காலையில் உங்களை எழுப்பி உட்கார வைக்கிறவள் நான். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். சில கேள்விகள் கூட இருக்கும் உறவினர்களிடமிருந்து, வராந்தாவில், மெதுவான குரலில் வரும். அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் இடுப்புப் பகுதி முதுகெலும்பைப் பற்றியே பேசுகிறேன், ஏனென்றால் எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கும் பிரச்சினை அங்கேதான்.

"முதுகில் பிளேட் வைக்கணும்னு சொல்றாங்க. உள்ளே வைப்பது என்ன?"

ஊரில் எல்லாவற்றுக்கும் "பிளேட்" என்றே பெயர். இன்று முதுகில் வைக்கப்படுவது பெரும்பாலும் தகடு கிடையாது. திருகாணிகளும் அவற்றை இணைக்கும் இரண்டு கம்பிகளும்தான்.

ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்னால் உருளையான, கனமான ஒரு பகுதி உண்டு. பின்னால், நாம் முதுகைத் தடவும்போது கையில் தட்டுப்படுகிற முள்ளும் அதைச் சேர்ந்த வளையமும். இந்த இரண்டையும் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரு குட்டையான எலும்புப் பாலங்கள் இணைக்கின்றன. அவற்றுக்குப் பெடிக்கிள் என்று பெயர். முள்ளெலும்பிலேயே மிக உறுதியான பிடிமானம் கிடைப்பது இங்கேதான். ஸ்க்ரூ பின்பக்கமாக நுழைந்து, இந்தப் பாலத்தின் நடுவே சென்று, முன்பக்க உருளைக்குள் போய் நிற்கிறது. பின்னால் வரும் சக்தியும் முன்னால் வரும் சக்தியும் ஒரே ஸ்க்ரூவின் பிடிக்குள் வந்துவிடும்.

பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியில் போடும் ஸ்க்ரூ சுமார் 5.5 முதல் 7.5 மில்லிமீட்டர் கனமும், 40 முதல் 50 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். சுண்டுவிரலைவிடக் குறைந்த நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலை பூவின் கிண்ணம் போலப் பிளந்திருக்கும். பல ஸ்க்ரூக்களில் அந்தத் தலை எல்லாப் பக்கமும் அசையும். அதனால் ஸ்க்ரூக்கள் நேர்க்கோட்டில் அமையாவிட்டாலும் கம்பியை அந்தப் பிளவில் படுக்க வைக்க முடிகிறது. கம்பி பொதுவாக 5.5 அல்லது 6 மில்லிமீட்டர் கனம். அதை இடுப்பின் இயல்பான உள்வளைவுக்கு ஏற்ப வளைத்து, மேலிருந்து ஒரு குட்டி மூடித் திருகைப் போட்டு, குறிப்பிட்ட அளவு முறுக்குவிசை வரும்வரை இறுக்குகிறார்கள்.

இரண்டு எலும்புகளை இணைத்தால் நான்கு ஸ்க்ரூ, மூன்றென்றால் ஆறு. "ஆறு ஸ்க்ரூவா!" என்று பயந்துபோகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து நோயின் தீவிரத்தை அளக்காதீர்கள். ஓர் எலும்புக்கு இரண்டு என்பது சாதாரணக் கணக்கு.

"அது என்ன உலோகம்? துருப் பிடிக்குமா?"

பிடிக்காது. பெரும்பாலானவை டைட்டானியம் கலவை: டைட்டானியத்துடன் சுமார் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வெனேடியமும் சேர்ந்தது. கம்பி மட்டும் சிலருக்குக் கோபால்ட்-குரோமியத்தில் போடுவார்கள், அது இன்னும் விறைப்பானது. முன்பு எவர்சில்வர் வகை எஃகும் இருந்தது. டிரேயில் ஸ்க்ரூக்கள் தங்கம், நீலம், பச்சை எனப் பல நிறங்களில் அடுக்கியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், அந்த நிறம் அளவைச் சட்டென்று அடையாளம் காண்பதற்காகத்தான்.

"பக்கத்திலேயே நரம்பு ஓடுதே. அதில் படாமல் எப்படி இறக்குவார்கள்?"

இது நியாயமான பயம். பெடிக்கிளின் உள்பக்கச் சுவரை ஒட்டியே நரம்புக் கால்வாய் இருக்கிறது. அடியை ஒட்டி நரம்பு வெளியே போகிறது. நடுமார்புப் பகுதியில் இந்தப் பாலம் 5 மில்லிமீட்டர் அளவுக்குக்கூடக் குறுகியிருக்கும். இடுப்பின் ஐந்தாவது எலும்பில் பெரும்பாலோருக்கு 15 மில்லிமீட்டரைத் தாண்டும், ஆகவே அங்கே இடம் தாராளம்.

படிக்கும் காலத்தில் ஒருமுறை ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்று பார்த்தேன். டாக்டர் எலும்பில் சிறு குழி போட்டு, மழுங்கிய முனையுள்ள ஒரு கருவியை மெல்ல அழுத்திச் சுழற்றியபடி உள்ளே இறக்கினார். பெடிக்கிளின் நடுப்பகுதி பஞ்சுபோன்ற எலும்பு. சரியான வழியில் போனால் கரகரவென்று மணலில் இறங்குவதுபோலப் போகும். திடீரென்று கை இலேசானாலோ, கல்லில் முட்டியதுபோல நின்றாலோ வழி தவறியதாக அர்த்தம். அடுத்து அவர் நுனியில் சிறு உருண்டை உள்ள மெல்லிய கம்பி ஒன்றை அந்தத் துளைக்குள் விட்டு, மேல், கீழ், உள், வெளி என நான்கு சுவரையும், கடைசியில் அடித்தளத்தையும் தடவிப் பார்த்தார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, விரல் நுனியில் மட்டும் கவனம். "அஞ்சு பக்கமும் எலும்பு இருக்கு" என்ற பிறகுதான் நர்ஸ் ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தார்.

கையின் உணர்வுக்குத் துணையாக, ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே இருக்கும். பெரிய மருத்துவமனைகளில் கம்ப்யூட்டர் வழிகாட்டும் நேவிகேஷன் உண்டு. சில இடங்களில் ரோபோவும் வந்துவிட்டது. முதுகு கோணலானவர்களின் மார்புப் பகுதியில் நேவிகேஷனால் எவ்வளவு பலன் என்று கோவையிலிருந்து டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நேவிகேஷன் இல்லாமல் போட்டவற்றில் 23 சதவீத ஸ்க்ரூக்கள் பெடிக்கிள் சுவரைத் தாண்டியிருந்தன, நேவிகேஷனுடன் போட்டதில் 2 சதவீதம்தான். சுவரைத் தாண்டிய ஸ்க்ரூ எல்லாமே நரம்பைக் காயப்படுத்திவிடும் என்று நினைக்க வேண்டாம், பல தாண்டல்கள் ஒரு தொந்தரவும் தராதவை. ஆனால் கோணல் முதுகுக்கு ஆபரேஷன் என்றால், அங்கே நேவிகேஷனும் நரம்புகளைக் கண்காணிக்கும் கருவியும் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று ஆறுதலாக இருக்கும். தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால்போலத் தனித்தனி நரம்புகள்தான் தொங்குகின்றன. நான்காவது, ஐந்தாவது எலும்பில் ஆபரேஷன் என்றால் தண்டுவடம் அந்த இடத்திலேயே இல்லை.

"இது புதுசா வந்த சோதனை முறையா?"

நூறாண்டுக்கு மேற்பட்ட முயற்சி இது. 1891-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பெர்த்தோல்ட் ஹாட்ரா என்ற மருத்துவர், உடைந்த கழுத்தெலும்புகளின் பின்முட்களை வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இருவர் தனித்தனியாக, எலும்புத் துண்டுகளை வைத்து முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் முறையை வெளியிட்டார்கள். அந்த முறையில் உலோகம் இல்லை. நோயாளிகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்தார்கள்.

போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் கொக்கியும் கம்பியும் கொண்ட ஒரு அமைப்பை உருவாக்கினார். அது 1962-இல் வெளியாகி உலகம் முழுக்கப் பரவியது. பெடிக்கிள் வழியாக ஸ்க்ரூ போடுவதைக் கனடாவின் பூஷே 1959-இல் எழுதினார். பாரிஸில் ரேமோன் ருவா-கமீ 1963-இலிருந்து பெடிக்கிள் ஸ்க்ரூவையும் தகட்டையும் சேர்த்துப் பயன்படுத்தினார். "பிளேட்" என்ற சொல் இன்றும் நம் வாயில் தங்கியிருப்பதற்கு அந்தக் காலத் தகடுகள்கூடக் காரணமாக இருக்கலாம். 1980-களில் பிரான்சின் கொத்ரேல், துபூசே இருவரும் வளைவை நீட்டுவதோடு சுழற்றியும் நிமிர்த்தும் கம்பி முறையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1990-களில் இந்த ஸ்க்ரூக்கள் பற்றி ஆயிரக்கணக்கான வழக்குகள் நடந்தன. கடைசியில் 1998-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றை அதிக ஆபத்துப் பிரிவிலிருந்து நடுத்தர ஆபத்துப் பிரிவுக்கு மாற்றியது.

"முதுகுவலின்னு போனாலே ஸ்க்ரூ போடச் சொல்லிடுவாங்களா?"

சொல்லக்கூடாது. வெறும் முதுகுவலி, ஜவ்வுத் தேய்மானம் (எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் தேய்வது) என்று எம்.ஆர்.ஐ.யில் ஒரு வரி, இவை மட்டுமே காரணமென்றால் கட்டாயம் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களில், வலியே இல்லாதவர்களில்கூடப் பெரும்பாலோருக்கு எம்.ஆர்.ஐ.யில் தேய்மானம் தெரியும்.

ஸ்க்ரூ தேவைப்படுவது எலும்பு நிலை தவறும்போது. ஓர் எலும்பு அடுத்ததன்மேல் முன்னால் நழுவியிருப்பது, விபத்தில் எலும்பு நொறுங்கியிருப்பது, காசநோயோ புற்றுநோயோ எலும்பை அரித்திருப்பது, முதுகு வளைந்துகொண்டே போவது, நரம்பின்மேல் உள்ள அழுத்தத்தை எடுக்க அதிக எலும்பை வெட்ட வேண்டியிருப்பது போன்றவை.

நழுவலில்கூட எல்லோருக்கும் தேவையா என்பது இன்றும் விவாதத்தில் உள்ள விஷயம். ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நரம்புக் கால்வாய் அடைப்பை மட்டும் எடுத்தவர்களுக்கும், அதோடு எலும்பையும் இணைத்தவர்களுக்கும் இரண்டு ஆண்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே சமயம் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வு, நழுவல் உள்ளவர்களுக்கு இணைப்பு கொஞ்சம் கூடுதல் பலன் தருவதாகச் சொன்னது. 2021-இல் நார்வே ஆய்வு, அடைப்பை மட்டும் எடுப்பது பின்தங்கவில்லை என்றது. எனவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "அடைப்பை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? என் எலும்பு குனியும்போதும் நிமிரும்போதும் அசைகிறதா? அந்த எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்." நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். படத்தை வெளிச்சத்தில் வைத்து விரலால் காட்டுவார்.

"தென்னை மரத்திலிருந்து விழுந்துட்டார். கட்டாயம் ஆபரேஷனா?"

இந்தக் கேள்வி வரும்போது என் மனம் கொஞ்சம் கனக்கும். மரம் ஏறுகிறவர்கள், சாரத்தில் நின்று பூசுகிறவர்கள், கிணற்றடியில் வழுக்குகிறவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உடைத்துக்கொண்டு வருகிறார்கள்: மார்பின் கடைசி எலும்பும் இடுப்பின் முதல் எலும்பும். விலாவோடு இறுகியிருக்கும் மார்பு முதுகும், தாராளமாக அசையும் இடுப்பு முதுகும் சந்திக்கும் இடம் அது. குதிகாலோ பிட்டமோ தரையில் மோதும்போது அதிர்வு அங்கே போய் எலும்பை நொறுக்கும்.

நரம்புக்குப் பாதிப்பில்லாமல், பின்பக்கத் தசைநார்கள் அறுபடாமல், எலும்பு அதிகம் நசுங்காமல் இருந்தால் பெல்ட் போட்டு ஆபரேஷன் இல்லாமலே ஆறுகிறவர்கள் நிறைய. கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, எலும்பு நிலை தவறினாலோ ஸ்க்ரூவும் கம்பியும்தான் வழி.

ஒரு வேண்டுகோள். விழுந்தவரை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்காதீர்கள். அறுபடாத நரம்பை நாமே அறுத்துவிடுவோம். 108 வரும்வரை இருந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால் கதவுப் பலகையோ பெஞ்சோ கொண்டுவந்து, தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி நான்கைந்து பேர் சேர்ந்து புரட்டி ஏற்றுங்கள்.

"முதுகெலும்பில் காசநோய். அதுக்கும் ஸ்க்ரூவா?"

பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். இதை உலகத்துக்கு உறுதியாகக் காட்டியதில் சென்னைக்குப் பங்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டிஷ் அமைப்பும் சேர்ந்து, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வழியே நடத்திய ஆய்வில், பெரிய அறுவை சிகிச்சையோடு மருந்து எடுத்தவர்களையும், நடமாடியபடியே மருந்து மட்டும் எடுத்தவர்களையும் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1999-இல் அதன் முடிவு வந்தது. பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்து மட்டுமே நல்ல பலன் தந்தது.

விதிவிலக்கு குழந்தைகள். சிலருக்கு நோய் குணமான பிறகும் வளர வளரக் கூன் அதிகரித்துக்கொண்டே போகும். ஆகவே மருந்து முடிந்துவிட்டது என்று விட்டுவிடாமல், வளர்ச்சி முடியும்வரை ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுங்கள். கால் செயலிழந்தாலோ எலும்பு சரிந்தாலோ ஸ்க்ரூ போடத் தயங்க வேண்டியதில்லை. காசநோய்க் கிருமி உலோகத்தின்மேல் படலம் கட்டி ஒட்டிக்கொள்வது குறைவு. மற்ற சீழ்க் கிருமிகளைப்போல அது ஸ்க்ரூவை உறைவிடமாக்கிக் கொள்வதில்லை.

"ஸ்க்ரூ போட்டு இறுக்கியாச்சு. அப்புறம் ஏன் ஆறு மாசம், ஒரு வருஷம்னு ஜாக்கிரதையா இருக்கச் சொல்றீங்க?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொத்தனார் ஐயா எங்கள் வார்டில் இருந்தார். ஸ்க்ரூ என்ன செய்கிறது என்று நான் நீட்டி முழக்கி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையமர்த்தி, "அம்மா, இது சென்ட்ரிங் மாதிரி, இல்லையா?" என்றார். அதைவிடத் தெளிவாக நான் இதுவரை கேட்டதில்லை. கூரைக்குக் காங்கிரீட் போடும்போது அடியில் பலகையும் முட்டுக்கட்டைகளும் கொடுக்கிறோம். கூரையைக் கடைசிவரை தாங்கப்போவது காங்கிரீட். அது இறுகும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வதே முட்டின் வேலை. முதுகிலும் அப்படித்தான். டாக்டர் ஸ்க்ரூ போடுவதோடு, எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி ரத்தம் கசியவைத்து, வெட்டியெடுத்த உங்கள் சொந்த எலும்பையே பொடியாக்கி அங்கே பரப்புகிறார். பலருக்கு ஜவ்வு இருந்த இடத்தில் எலும்புத் தூள் நிரப்பிய ஒரு சிறு கூண்டையும் வைக்கிறார். அந்தத் தூள் உயிருள்ள எலும்பாக வளர்ந்து இரண்டு முள்ளெலும்புகளையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும்.

அதுவரை உங்கள் எடையைத் தாங்குவதில் ஸ்க்ரூவுக்கும் பங்கு உண்டு. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியும் அல்லவா? டைட்டானியமும் அந்த விதிக்கு விலக்கில்லை. எலும்பு ஒட்டுவது முந்துமா, உலோகம் களைப்பது முந்துமா என்று உள்ளே ஒரு பந்தயம் நடக்கிறது. எலும்பு ஒட்டிவிட்டால் உலோகத்துக்கு அதன்பிறகு வேலையில்லை. ஒட்டவில்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்க்ரூவும் ஒருநாள் தளரும், அல்லது கம்பி ஒடியும்.

பூ கட்டி விற்கும் ஓர் அக்கா ஞாபகம் வருகிறார். நான்காவது எலும்பு நழுவி, பஸ் ஸ்டாப் வரைகூட நடக்க முடியாமல் வந்தவர். ஆபரேஷன் அருமையாக முடிந்தது. ஆறாவது வாரம் கால்வலி சுத்தமாக இல்லை. "எனக்குச் சரியாயிடுச்சுங்க" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன், அன்று கண்டிப்பாகப் பேசவில்லை. அது என் தவறு. வீட்டில் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்க ஆரம்பித்துவிட்டார். ஏழாவது மாதம் வலியோடு வந்தபோது, எக்ஸ்ரேயில் கீழ் ஸ்க்ரூவைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தது, தளர்ந்த ஸ்க்ரூவின் அடையாளம். மறுபடியும் ஆபரேஷன். நரம்பின்மேலிருந்த அழுத்தம் போனதும் கால்வலி சீக்கிரம் போய்விடுகிறது. அதை எலும்பு ஒட்டியதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த அக்காவுக்குப் பிறகு, ஆறாவது வாரத்தில் வலியில்லை என்று சிரிக்கிறவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேசுகிறேன்.

"மறுநாளே நடக்கச் சொல்றீங்களே, ஸ்க்ரூ பிடுங்கிக்காதா?"

நடப்பதால் பிடுங்காது. படுத்தே கிடந்தால்தான் காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும். எழும்போது மட்டும் முறை உண்டு: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல ஒரு பக்கம் திரும்புங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி, அடியிலிருக்கும் முழங்கையை ஊன்றி எழுங்கள். முதுகு முறுக்கக்கூடாது. கூட இருப்பவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் கை கொடுத்தால் போதும்.

"வீட்டில் என்னென்ன செய்யலாம்?"

முதல் மூன்று மாதம் தரையில் உட்கார வேண்டாம். தரையில் அமர்ந்து சாப்பிடுவது, அரிவாள்மணையில் காய் நறுக்குவது, குனிந்து கோலம் போடுவது, விளக்குமாற்றால் பெருக்குவது எல்லாம் இடுப்பை உருட்டிக் குனியவைக்கும் வேலைகள். கோலத்தை மகளோ மருமகளோ போடட்டும், மருமகனும் போடலாம். கழிப்பறைக்கு வெஸ்டர்ன் கோப்பை இல்லையென்றால், நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கும். ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அலைய வேண்டியிருக்காது.

குனிந்து தூக்குவது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்பவரின் குழு, ஒருவரின் இடுப்பு ஜவ்வுக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்து 1999-இல் வெளியிட்டது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5. இருபது கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கும்போது 2.3, அதையே முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7. அரிசி மூட்டை 25 கிலோ. தண்ணீர் நிறைந்த பெரிய குடம் 15 கிலோ இருக்கும். மூன்று மாதம் வரை ஒரு லிட்டர் பால் பாக்கெட் இரண்டுக்கு மேல் தூக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

நடப்பதற்குக் கட்டுப்பாடில்லை. காலையும் மாலையும் நடங்கள், நாளுக்கு நாள் கூட்டுங்கள். பஸ்ஸில் போனால் முன்பக்கம் உட்காருங்கள், கடைசி சீட்டு வேண்டவே வேண்டாம். டூவீலரில் பின்னால் உட்காருவதை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். தாம்பத்தியம் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு, புண் ஆறி வலி அடங்கிய பின், முதுகுக்குச் சிரமமில்லாத நிலையில் தடையில்லை.

"பீடி ஒரு நாளைக்கு ரெண்டுதான்..."

இரண்டும் வேண்டாம். நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, எலும்புத் தூளுக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் குறைக்கிறது. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புகைக்காதவர்களில் 14 சதவீதம் பேருக்கு எலும்பு ஒட்டவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் புகைத்தவர்களில் அது 26 சதவீதத்தைத் தாண்டியது. விட்டவர்கள் புகைக்காதவர்களின் அளவை நெருங்கினார்கள். சர்க்கரையும் அப்படித்தான், கட்டுப்பாட்டில் இல்லையென்றால் புண்ணில் சீழ் வைக்கும் வாய்ப்பு அதிகம்.

"அம்மாவுக்கு எழுபது வயசு. எலும்பு பலமில்லைன்னு சொன்னாங்க."

சுவரில் ஆணி அடிப்பதைப்போலத்தான், சுவர் உதிர்ந்தால் ஆணி நிற்காது. முன்கூட்டியே எலும்பு அடர்த்தியைச் சோதித்து, வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, தேவைப்பட்டால் எலும்பு வளர்க்கும் ஊசியைச் சில மாதம் போட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போவது நல்லது. ஓட்டையுள்ள ஸ்க்ரூவின் வழியாக எலும்பு சிமென்ட் செலுத்திப் பிடிமானம் கூட்டும் முறையும் உண்டு. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் இந்தத் தயாரிப்புக்கு நேரம் கொடுங்கள்.

"அப்புறம் குனியவே முடியாதா?"

முடியும். இடுப்பில் இரண்டு எலும்புகளை மட்டும் இணைத்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரிவதில்லை, குனிவதில் பெரும்பங்கு தொடை மூட்டுடையது. இணைக்கும் எலும்புகள் கூடக் கூட விறைப்பு தெரியும். இணைத்த இடத்துக்கு அடுத்துள்ள ஜவ்வின்மேல் கூடுதல் பளு விழுவதால், பல வருடம் கழித்து அங்கே தேய்மானம் வருகிறவர்களும் உண்டு. எடையைக் கட்டுக்குள் வைப்பதும் வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்துவதும் இதற்காகத்தான்.

"எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா?"

டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. எடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றிப் படம் கொஞ்சம் மங்கும். ஏர்போர்ட்டில் சில சமயம் சத்தம் வரும், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினால் போதும்.

"பிறகு கழற்றணுமா?"

எலும்பு ஒட்டவைத்தவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. சென்ட்ரிங்கோடு இங்கே ஒரு வித்தியாசம், இந்த முட்டு உள்ளேயே இருந்துவிடும். எலும்பு இணைப்பு இல்லாமல் முறிவுக்காக மட்டும் போட்ட இளைஞர்களுக்கு, ஏறக்குறைய ஒரு வருடத்தில் எடுப்பதுண்டு. சீழ் பிடித்தாலோ, ஒல்லியானவர்களுக்குத் தோலுக்கடியில் துருத்தினாலோ எடுப்பார்கள்.

"செலவை எப்படிச் சமாளிக்கிறது?"

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது, கேட்டுப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்கான ஆபரேஷன் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். எங்கே செய்தாலும் ஸ்க்ரூ உறையிலுள்ள ஸ்டிக்கர்களின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து வேறு டாக்டர் அதைத் திறக்க நேர்ந்தால், எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால்தான் பொருத்தமான கருவியை வரவழைக்க முடியும்.

"எப்போ ஓடி வரணும்?"

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், கழுவும்போது பின்பக்கமும் தொடை இடுக்கும் மரத்திருந்தால், பாதம் தொங்கிச் செருப்பு நழுவினால், அந்த மணி நேரமே வாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ கசிந்தாலும், படுத்தால் குறைந்து எழுந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி இருந்தாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே வாருங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் வார்டு நம்பரை வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள். ராத்திரி நேரத்தில் நோயாளியின் போன் தலையணைக்கு அடியில் போய்விடுகிறது.